கேட் வாசலில் மாப்பிள்ளை பார்த்தவர்

அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறதா, அட்டையின் பட்டை என்ன நிறம் என்று பார்த்துவிட்டுக் கண் நேராகக் காலுக்கு இறங்கும். காலில் இருப்பது கம்பெனி கொடுத்த ஷூவா, ரப்பர் செருப்பா? முகத்துக்கு வருவது கடைசியில். வந்தாலும் அங்கே அதிக நேரம் தங்காது.

"மூஞ்சி இன்னாத்துக்குமே? போகப் போகப் பழகிடும். காண்ட்ராக்ட்டு வேலை பழகுமா?" என்பார்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவிலேயே அவர் வீடும் இருந்தது. தொழில் கல்யாணத் தரகு. அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கடைக்காரரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் அவர் 'கேட் அத்தை'. மற்ற தரகர்கள் பை நிறைய ஜாதகத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். இவர் எந்தக் காகிதத்தையும் கையால் தொட்டதில்லை. ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு கம்பெனியின் கேட்டுக்கு எதிரே போய் நின்றுகொள்வார். வாட்ச்மேன் சந்தேகப்படக் கூடாது என்று கையில் ஒரு ஒயர் கூடை, அதில் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் முருங்கைக்கீரை. அந்தக் கீரையை அவர் வீட்டில் யாரும் சமைத்ததாக நினைவில்லை. வாடினால் மாற்றுவார்.

சங்கு ஊதியதும் ஆட்கள் வெளியே வருவார்கள். அவர் படிக்க ஆரம்பித்துவிடுவார். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்காருகிறவன் பர்மனென்ட். அதே பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டு வருகிறவன் டிரெய்னி; உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவன் முழங்காலில் தெரியும். பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கிறவன் காண்ட்ராக்ட். காலையில் கேட்டுக்கு வெளியே கும்பலாக நின்று, உள்ளேயிருந்து யாராவது கை நீட்டிக் கூப்பிடுவார்களா என்று பார்க்கிறவன் கேஷுவல். கேஷுவல்களுக்குக் கல்யாணம் என்று ஒன்று உண்டா என்பதில் அத்தைக்குச் சந்தேகம் இருந்தது.

ஒருமுறை என் அம்மா கேட்டாள், "ஏன் அண்ணி, ஜாதி ஜாதகமெல்லாம் பாக்கவே மாட்டீங்களா?"

"ஜாதியை ஊட்டுக்காரங்க பாத்துப்பாங்க. ஜாதகத்தை ஐயரு பாத்துப்பாரு. ரெண்டும் ஜோராப் பொருந்தி எத்தினி ஊட்ல ஒலை வைக்க வய்யில்லாம கீறாங்க தெரியுமா? ரெண்டு பேரும் கேக்காததை நான் கேக்கறேன். அவ்ளோதான்."

அந்தக் கேள்வியை அவர் எப்படிக் கேட்பார் என்பதற்கு என் சித்தி பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை ஓர் உதாரணம். அவனை அழைத்து வந்தது வண்ணாரப்பேட்டைத் தரகர் ஒருவர். அத்தை சும்மா விருந்தாளியாக வந்து மூலையில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையன் இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் நீலப் பட்டை அட்டை. பெண் பார்க்க வருகிறவன் எதற்கு அட்டையோடு வருகிறான் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். சில ஊர்களில் மோதிரம் போட்டுக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊரில் அட்டை.

அத்தை பஜ்ஜியை மென்றுகொண்டே, "தம்பி, உங்க கம்பெனி கேன்டீன்ல சாப்பாடு நல்லா இருக்குமாமே?" என்றார்.

"சூப்பரா இருக்கும் அத்தே. வாரத்துக்கு ரெண்டு நாள் கோழி."

"சாப்ட்ட தட்டை யாரு கழுவுவாங்க?"

"அவங்கவங்க தட்டை அவங்கவங்களே கழுவி வெச்சிடுவோம் அத்தே." சுத்தமான பையன் என்று பெயர் வாங்கும் ஆசையில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

அத்தை இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு என் சித்தியிடம் திரும்பினார். "பர்மனென்ட்டு எங்கியும் தட்டு கழுவ மாட்டான்மே. ஊட்லயும் கழுவ மாட்டான், அங்கியும் கழுவ மாட்டான். அந்த அட்டை யாருதுன்னு கேளு."

அட்டை அவன் அக்கா புருஷனுடையது. என் சித்தப்பா எழுந்துவிட்டார். வண்ணாரப்பேட்டைத் தரகர் அவருக்கு முன்பே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அத்தைதான் சித்தப்பாவைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு அவமானத்தில் காது சிவந்து நின்ற பையனைத் தானே பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டார். போகும் வழியெல்லாம் அவனைத் திட்டினார், ஆனால் பொய் சொன்னதற்காக இல்லை.

"ஏன்டா கஸ்மாலம், தட்டு கழுவற ஆம்பளைன்னு உன்னைச் சொல்லியிருந்தா பொண்ணுங்க கியூவுல நிக்குமே! அதை உட்டுட்டு இன்னாத்துக்குடா மச்சான் அட்டையை இரவல் வாங்கினு வந்தே?"

எர்ணாவூரில் ஒரு பெண்ணுக்கு அதே தகுதியைச் சொல்லியே அவனைக் கட்டிவைத்தார். நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்வி.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் இன்ஜினியரிங் படித்திருந்தாள். அவளுக்கு அத்தை வேளச்சேரியிலிருந்து ஐ.டி. மாப்பிள்ளை பிடித்தார். ஐ.டி. கம்பெனியின் கேட்டுக்குக் கீரைக்கூடையோடு அவர் எப்படிப் போனார், அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் காரில் கிளம்பி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி, கேசரி ஆறிக் கெட்டியாகித் துண்டு போடுகிற பதத்துக்கு வந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார்.

"இங்கே எப்பவுமே இந்த வாடை அடிக்குமா?"

"இல்லீங்க," என்றார் அத்தை பணிவாக. "காத்து திரும்பிச்சுன்னா வேற வாடை வரும்."

மாப்பிள்ளையின் அப்பா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "நாங்க இந்தப் பக்கமே வந்ததில்லை, அதனாலதான்..."

"நீங்க வரலைன்னா இன்னா சார்? உங்க ஊட்டு கரண்ட்டு இங்க பவர் ஹவுஸ்லதான் பொறந்து அங்க வருது. பொறந்த ஊட்டை ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தீங்கன்னு வெச்சிக்குங்க."

எதிர்வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் வேளச்சேரிக்குப் போனாள். முதல் வருஷம் மாதமொரு முறை வந்தாள். அப்புறம் பண்டிகைக்கு வந்தாள். ஒரு தீபாவளிக்கு வந்து காரிலிருந்து இறங்கியவள், பிறந்து வளர்ந்த தெருவில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அத்தை என் விலாவில் இடித்துச் சொன்னார், "பர்மனென்ட் ஆயிட்டா."

இவ்வளவு பேசுகிறவர் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார். அவருடைய வீட்டுக்காரர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். சிரித்த முகம், பெரிய தொப்பை, எதற்கும் பதற்றமில்லாத மனிதர். டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஆனால் சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் யாராவது வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் அத்தை, "கம்பெனியில இருந்தாருங்க," என்று சொல்லிவிட்டு வேகமாகக் காபியைக் குடிப்பார். மாமாவின் ஆட்டோவிலேயே போனாலும், போகிற வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிவிடுவார். மாமா அதற்குக் கோபித்துக்கொள்ளவே இல்லை. "உங்க அத்தே இறங்கினா இன்னொரு சவாரி ஏறும்," என்பார்.

நானும் அத்தையின் மகள் நித்யாவும் ஒரே வகுப்பு. ஒருநாள் அத்தை வீட்டில் நாங்கள் மூவரும் வஞ்சிரம் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது நித்யாதான் கேட்டாள், "ஏம்மா இப்படிக் கம்பெனி கம்பெனின்னு அலையறே?"

அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் பிறந்தது காத்திவாக்கத்தில், வலை வீசுகிற குடும்பத்தில். சொந்தத்தில் படகு வைத்திருந்த முறைப்பையன் ஒருவன் இருந்தான். அவனுக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேச்சு. அந்த நேரம் பார்த்து ஆற்று முகத்துவாரத்தில் பவர் ஹவுஸ் சாம்பல் சேர ஆரம்பித்தது. இறால் குறைந்தது. முறைப்பையனின் படகு கரையேறிக் காய்ந்தது.

"எங்க நைனா ஒருநாளு காலங்காத்தால வலையைத் தூக்கிக் கடாசிட்டு, காக்கிச் சட்டை போட்டவன் எவன்னா கீறானான்னு பாக்கக் கிளம்பிட்டாரு. மாமா கெடைச்சாரு. மூஞ்சியைக்கூடப் பாக்கலமே! சட்டையப் பாத்தாரு, சரின்னுட்டாரு. கல்யாணத்துக்குக் கம்பெனி பஸ்ஸு வந்துச்சி. எங்க குப்பத்துக்குள்ள அவ்ளோ பெரிய பஸ்ஸு வந்ததேயில்ல. எங்கக்கா காசிமேட்டுல மீன் வித்துகினு இருந்தா. அன்னிலேருந்து என்னைக் கம்பெனிக்காரின்னுதான் கூப்புடுவா. ஒரு வேளை மீனு ஓசி தர மாட்டா, கம்பெனிக்காரிக்கு எதுக்குன்னுட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ஒருநாளு மாமா வேலைக்குப் போனாரு, கேட்டுல பூட்டு தொங்கிச்சி. கடல் ஏமாத்திச்சி, சரி, அது யாரையும் கேட்டு ஏமாத்தறதில்ல. கம்பெனி ஏமாத்தும்னு யாருக்குத் தெரியும்?" வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் துண்டாக்கினார். "மூட்ற கம்பெனி எதுன்னு மொதல்லியே பாத்து வெச்சிக்கணும். அதான் கேட்டுல போயி நிக்கறேன்."

பன்னிரண்டாவது முடித்ததும் நித்யாவுக்கும் எனக்கும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. செல்போன் சார்ஜர் செய்கிற கம்பெனி. நீளமான மேசையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத பொடிச் சாமான்களை எதன் மீதோ வைத்து ஒட்டுவோம். அந்த வரிசைக்கு லைன் என்று பெயர். பர்மனென்ட் ஆட்களுக்கு நீலப் பட்டை, கம்பெனி பஸ். எங்களுக்கு மஞ்சள் பட்டை, மின்சார ரயில். வருஷம் முடிவதற்குள் எங்களை நிறுத்திவிட்டு, சில நாள் கழித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். நாங்கள் எப்போதும் புது ஆட்களாகவே இருந்தோம்.

அத்தை தெருவெல்லாம், "நித்யா கம்பெனியில கீது," என்று சொல்லிவைத்தார். பட்டையின் நிறத்தைச் சொல்லவில்லை. நாங்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது வாசலிலிருந்தே கத்துவார், "அட்டையை உள்ளாறப் போடுமே! ஊரு பாக்குது."

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் அத்தை தன் வாழ்நாளிலேயே பெரிய மீனைப் பிடித்தார். மணலியில் பெரிய கம்பெனி ஒன்றில் பர்மனென்ட் மாப்பிள்ளை. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பஸ்ஸில் ஜன்னலோர சீட். அத்தை அவனைத் தேடிப் பிடித்தது பிறருக்காக இல்லை, நித்யாவுக்காக. நித்யாவுக்கு விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். "வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்," என்றாள் என்னிடம்.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தடித்த கண்ணாடிக்காரர். நித்யா காபித் தட்டோடு வந்ததும் அந்த அம்மாள் முதலில் அவள் கழுத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

"பொண்ணு பர்மனென்ட்டுங்களா?"

அத்தை வாயைத் திறந்தார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ ஓட்டைகளை வார்த்தையால் அடைத்தவர். "அது வந்துங்க, சீக்கிரமே ஆயி..." என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க, காண்ட்ராக்ட்டு," என்றாள் நித்யா. "வருஷா வருஷம் நிறுத்திட்டுத் திரும்ப எடுப்பாங்க. எடுக்காமயும் விடுவாங்க. சக்கரை போதுங்களா?"

அந்த அம்மாள் காபியை முழுதாகக் குடித்து முடித்தார். "ஊருக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்," என்றார். ஊர் என்றது மணலி. எங்கள் தெருமுனையில் பஸ் ஏறினால் உட்காருவதற்குள் வந்துவிடும்.

அவர்கள் போனதும் அத்தை நித்யாவை அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் இருவருக்கும் நடுவே நின்றேன். அத்தை தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கேசரிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தார். மாமா வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேள்வி கரீட்டுதான்," என்றார் அத்தை, வாய் நிறையக் கேசரியோடு. "நானா இருந்தாலும் அதான் கேட்டிருப்பேன்." இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏமே மஞ்சு, நான் கேக்கும்போதும் இவ்ளோ கேவலமாவா இருக்கும்?"

"இருக்கும் அத்தே."

"சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

மணலியிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. அத்தை சில வாரம் எந்த கேட்டுக்கும் போகவில்லை. கூடையில் கீரை காய்ந்து சருகானது.

அந்த மழைக்காலம் முடியும்போது கம்பெனியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்களை அனுப்பிய காண்ட்ராக்டரை மாற்றிவிட்டார்களாம்; அதனால் மஞ்சள் பட்டைக்காரர்கள் யாரும் அடுத்த மாதம் வர வேண்டாம். அதைப் படித்துவிட்டு நித்யா கேட்டுக்கு வெளியே போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். கால் வலிக்கிறது என்றுதான் உட்கார்ந்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். எங்களைப் பார்த்து லைன் முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் யாரோ ஷாமியானா கொண்டுவந்து கட்டினார்கள். போலீஸ் வந்து நிழலில் நின்றது.

நித்யா வீட்டுக்குப் போகவில்லை, போன் மட்டும் செய்தாள். காலை ரயிலுக்கே அத்தை வந்து இறங்கிவிட்டார், கையில் அதே ஒயர் கூடை.

"எய்ந்திருமே! ஊட்டுக்கு வா! பொம்பளைப் புள்ளை ரோட்ல உக்காந்துகினு, கலீஜா..."

"வர மாட்டேம்மா."

"உன்னை இட்டுகினு போகாம நான் இந்த எடத்தை உட்டு நவுர மாட்டேன்."

"சரி, உக்காரு."

அத்தை உட்கார்ந்தார். கோபத்தில் யாரையும் பார்க்காமல் கேட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கண் பழக்கப்பட்ட கண்; எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்துகளைப் பார்க்க ஆரம்பித்தது. எல்லாம் மஞ்சள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஊர் கேட்டார். பின்னால் இருந்தவளிடம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். மதியச் சாப்பாடு வருவதற்குள் ஆண்கள் பக்கம் நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். டை கட்டிய அதிகாரி. "மேடம், வெளி ஆட்கள் இங்கே உட்காரக் கூடாது. நீங்க கிளம்புங்க," என்றார் அத்தையிடம்.

அத்தை நிமிர்ந்து அவர் கழுத்தைப் பார்த்தார். டைக்குக் கீழே அட்டை மறைந்திருந்தது. "நீ பர்மனென்ட்டா நைனா?"

"அது உங்களுக்கு எதுக்கு மேடம்?"

"சொம்மா சொல்லு. தெரிஞ்சிக்கத்தான்."

அவர் கேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலை இறக்கி, "நானும் அவுட்சோர்ஸிங்தாங்க," என்றார்.

"அப்ப உனுக்கு இன்னாடா பேஜாரு? வெயில்ல நின்னுகினு! இப்படி நெயல்ல வந்து உக்காரு." அவர் உட்காரவில்லை. ஆனால் போகும்போது அத்தை பின்னாலிருந்து, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கத்தியதற்கு, நின்று, இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மகளை அழைத்துப் போக வந்தவர் தினமும் வர ஆரம்பித்தார். மாமாவும் வந்தார், பர்மிட் இல்லாத ரூட்டில் தண்ணீர் கேன்களோடு, போலீஸ்காரர்களுக்கும் சேர்த்து. யாரோ ஒரு பெண் அவரைக் காட்டி யாரென்று கேட்டபோது அத்தை, "எங்க ஊட்டுக்காரரு. ஷேர் ஆட்டோ ஓட்றாரு," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மோர் குடித்தார். நான் மட்டும்தான் திரும்பிப் பார்த்தேன்.

மேடையில் ஒருவர் உரிமைகளைப் பற்றி முழங்கிக்கொண்டிருப்பார். பின் வரிசையில் அத்தை பொன்னேரிப் பெண்ணுக்கும் மீஞ்சூர்ப் பையனுக்கும் பேச்சு முடித்துக்கொண்டிருப்பார். போராட்டம் நடந்த நாட்களில் அவர் அந்தக் கொட்டகையில் இரண்டு சம்பந்தம் முடித்தார். தலைவர்களால் முடிந்தது அதைவிடக் குறைவு.

ஒருநாள் அவர் கண் சதீஷ் மீது விழுந்தது. சதீஷ் எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. அத்தை அவனைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார்.

"அம்மா இன்னா பண்றாங்க?"

"மாநகராட்சியில துப்புரவு வேலை அத்தே."

"காண்ட்ராக்ட்டா?"

"இல்ல அத்தே. அம்மா பர்மனென்ட்டு. அவங்க செட்டோட பர்மனென்ட்டா எடுக்கறதை நிறுத்திட்டாங்க. நான்தான் காண்ட்ராக்ட்டு."

அத்தை வெகுநேரம் அவனைப் பார்த்தார். கழுத்தையும் காலையும் விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். அப்புறம் நித்யாவைத் தேடி வந்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார், "அந்தப் பையன் எப்படிமே?"

"எந்தப் பையன்?" என்றாள் நித்யா.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு வருஷமாக மின்சார ரயிலில் அவர்கள் இருவருக்கும் நடுவே தடுப்புச் சுவர் மாதிரி உட்கார்ந்து வந்தவள் நான். சதீஷ் தினமும் புளியந்தோப்பிலிருந்து எங்கள் ரயிலைப் பிடிப்பதற்காக இரண்டு ரயிலைக் கோட்டைவிடுவான் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். கொட்டகையில் போலீஸ்காரம்மாவுக்கே தெரியும். நித்யாவோ தலையைக் குனிந்துகொண்டு, "உனக்குப் பிடிச்சா சரிம்மா," என்றாள். அவ்வளவு அடக்கமான நித்யாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

போராட்டம் எப்படி முடிந்தது என்றால், அப்படித்தான் முடிந்தது. புதுக் காண்ட்ராக்டரின் கீழ் பாதிப் பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் உள்ளே போனேன். முதலில் உட்கார்ந்தவள் என்று நித்யாவை எடுக்கவில்லை, சதீஷையும் எடுக்கவில்லை. பட்டையின் நிறத்தை மட்டும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றினார்கள். நித்யா தண்டையார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். சதீஷ் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் போனான். இரண்டும் காண்ட்ராக்ட்தான்.

கல்யாணப் பேச்சு என்று தெரிந்ததும் அத்தையின் அண்ணன் காத்திவாக்கத்திலிருந்து வந்தார். நான் அப்போது அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்காக அத்தை இறால் தொக்கு செய்துகொண்டிருந்தார்.

"பையன் இன்னா ஆளுங்க?" என்றார் அண்ணன்.

"காண்ட்ராக்ட்டு ஆளுங்க."

"நான் அதைக் கேக்கல."

"நீ எதைக் கேக்கறேன்னு தெரியும்."

"தெரிஞ்சா சொல்லு."

அத்தை அடுப்பைச் சின்னதாக்கினார். "ஏண்ணா, என்னைக் கட்டிக் குடுத்தப்ப நைனா காக்கிச் சட்டையப் பாத்தாரு. நம்ம ஆளுங்களான்னு பாத்தாரா? கடல்ல எறா இல்லாமப் போனப்ப எவனும் இன்னா ஆளுங்கன்னு கேக்கலியே. இவன் காண்ட்ராக்ட்டு ஆளு. என் பொண்ணும் காண்ட்ராக்ட்டு ஆளு. ஒரே ஆளுங்க. இதைவிடப் பொருத்தம் நான் யாருக்கும் பாத்ததில்ல."

அண்ணன் எழுந்து போய்விட்டார். தொக்கை நாங்கள் சாப்பிட்டோம். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அத்தை மணமேடையில் நின்றுகொண்டு எத்தனை தடவை வாசலைப் பார்த்தார் என்று நான் கவனித்தேன்.  நித்யாவுக்குக் குழந்தை பிறந்த பிறகு அண்ணன் ஒரு கூடை மீனோடு வந்தார். அப்போதும் மாப்பிள்ளையிடம் பேசவில்லை, குழந்தையிடம்தான் பேசினார்.

கல்யாணம் புளியந்தோப்பில் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. சதீஷ் வீட்டார் பௌத்தர்கள். புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, உறுதிமொழி சொல்லி, மாலை மாற்றினார்கள். அத்தை, "புகையில்ல, கண்ணெரிச்சல் இல்ல, ஜோரா முடிஞ்சிடுச்சே," என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னார். சம்பந்தியம்மா அன்றைக்கும் காலை ஷிப்டில் தெருவைக் கூட்டிவிட்டுத்தான் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். மாமா தன் ஆட்டோவுக்கு மாலை போட்டுக் கூடத்தின் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

எல்லாம் முடிந்து அத்தை ஒரு நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தே, மெய்யாலுமே உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"எது?"

"இவங்க ரெண்டு பேரும் முன்னாடியே..."

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கொட்டாயில அத்தினி பசங்க, அத்தினி பொண்ணுங்க. பொழுதன்னிக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துகினுதான் கெடந்துதுங்க. இவங்க ரெண்டு பேரு மட்டும் ஒருதரம்கூடப் பாத்துக்கல. அது போதாதா எனுக்கு?"

"அப்புறம் ஏன் நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி..."

"தரகு தொயில் பண்றவ ஊட்லயே லவ் மேரேஜுன்னா, நாளைக்கு எவன் என்னாண்ட வருவான்?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பந்தி நடக்கிற பக்கம் போனார். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் கல்யாணமாகாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.